ஒன்பதாம் நாள் தேறுதல்

நாள் 71. காலை 6.10
எலி அறை வெப்பம் 22. ஈரம் 50. காற்று மானி பழுது, இரண்டு மாதமாக. தூங்கும் எலிகள் 12. இருப்புக் கூண்டில் 40. சாவு இல்லை.

இதை எடுத்துப் படிப்பது யாராக இருந்தாலும் முதலில் உட்காருங்கள். இங்கே உட்கார முடியாது, மிதக்கத்தான் முடியும். ஆனாலும் வந்தவர்களிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன்.

என் பெயர் பேச்சித்தாய். ஊர் தூத்துக்குடி. வயது நாற்பத்தெட்டு. படிப்பு ஐந்தாம் வகுப்பு, அதிலும் பாதி நாள் டீச்சர் வீட்டு ஆட்டுக்குத் தழை பறித்துக்கொண்டிருந்தேன். நிலாவைச் சுற்றும் இந்தக் கூடத்தில் எலி பார்க்கிறேன். படித்தவர்கள் தொட்டால் எலி பயந்து மூத்திரம் பெய்யும். இயந்திரக் கை தொட்டால் செத்தே போகும். என் கையில் தூங்கும். கீழே ஓர் ஆராய்ச்சிக்கூடத்து எலி அறையில் பத்தொன்பது வருஷம் இருந்தவளை ராக்கெட்டில் ஏற்றியது அதற்காகத்தான், என் அழகுக்காக இல்லை.

கூட ஒரு டாக்டர் வந்தார். பன்னிரண்டாம் நாள் பல்வலி தாங்காமல் சாமான் கொண்டுவந்த கலத்திலேயே திரும்பிவிட்டார். அன்றிலிருந்து ஊசி போடுவது, எடை பார்ப்பது, எண் எழுதுவது எல்லாம் நான்தான். என்னைக் கூட்டிப்போகக் கலம் 112ஆம் நாள் கிளம்பும்.

வேலை இதுதான். செவ்வாய்க்கு ஒரு கப்பல் போய்க்கொண்டிருக்கிறது. அறுபத்துநாலு பேர். சாமான் அறையில் கசிவு வந்து சாப்பாடு பாதி வீணாகிவிட்டது. சாப்பிடாமல் போய்ச்சேர ஒரே வழி தூங்கிக்கொண்டே போவது. தூக்க மருந்தை அவசரமாக எலிக்குப் போட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டியது என் பொறுப்பு. மூன்று அணியாகத் தொண்ணூற்றாறு எலி. ஒவ்வொன்றும் பத்து நாள் தூக்கம், எழுப்பிய பிறகு பதினைந்து நாள் கவனிப்பு. மூன்றாவது அணியும் முந்தாநாள் முடிந்தது. நெடுநாள் தூக்கம் பார்க்கத் தனியாகப் பன்னிரண்டு இன்னும் தூங்குகின்றன. ஒரு சாவு கிடையாது. முதல் அணியின் கணக்கை வைத்தே ஐம்பதாம் நாள் கப்பலில் எல்லாரையும் தூங்க வைத்துவிட்டார்கள்.

அதில் ஒருத்தி கப்பல் சமையல்காரி இசக்கியம்மாள். என் தங்கச்சி. அவள் பெயரை எழுதிக்கொடுத்ததே நான்தான்.

நாள் 73. காலை 10.30
எல்லாம் சரி என்று எழுதத்தான் நோட்டை எடுத்தேன். எழுத முடியவில்லை.

தரையிலிருந்து என்னோடு பேசுவது செல்வின். நாகர்கோவில்காரன், இன்ஜினியர், வயது முப்பத்தாறு. தலைமுடி மட்டும் அத்தனை வருஷம் தாக்குப்பிடிக்கவில்லை. இன்று 9.40க்கு நடந்த பேச்சைப் பதிவிலிருந்து அப்படியே எழுதுகிறேன்.

"அக்கா, ஒங்க எலிக்கெல்லாம் மாலை போடணும். கணினிக் கப்பல்ல எல்லாரையும் லட்சம் தடவை எழுப்பிப் பாத்தாச்சு. ஒருத்தருக்கும் ஒண்ணுமில்ல."

(கணினிக் கப்பல் என்பது கீழே இவர்கள் கம்ப்யூட்டருக்குள் கட்டி வைத்திருக்கும் மாடல். நிஜக் கப்பலில் இருக்கும் அறுபத்துநாலு பேரும் எடை, வயது, ரத்தம் உள்பட அதற்குள்ளும் இருக்கிறார்கள். நான் அனுப்பும் எலிக் கணக்குதான் அதற்குச் சாப்பாடு.)

"எந்தங்கச்சியயும் எழுப்புனியளா?"

"அவங்களையும்தான். லட்சம் தடவை."

"ஒரு தடவ எழுப்புனதுக்கே எங்கையக் கடிச்சவ அவ. லட்சம் தடவன்னா ஒந்தலையில மிச்சமிருக்க நாலு முடியையும் பிச்சிருப்பா."

"எல்லாம் அந்த ஒன்பதாம் நாளோட மகிமை அக்கா. எழுப்புன ஏழாம் நாள் சில எலி வாடுது, எடை எறங்குது. ஒன்பதாம் நாள் பாத்தா அதே எலி திடீர்னு எடை ஏறித் துள்ளுது. மூணுல ஒண்ணுக்கு இப்படி. மருந்தே ஒடம்பச் சரி பண்ணுதுன்னு டாக்டரம்மா கண்டுபிடிச்சிட்டாங்க. ஒன்பதாம் நாள் தேறுதல்னு பேரும் வச்சாச்சு."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

"ஏலே சொட்ட, தேறவும் இல்ல, ஒண்ணும் இல்ல. அது வேற எலி."

அந்தப் பக்கம் நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம்.

"என்னக்கா சொன்னீங்க?"

"செத்தத எடுத்துட்டு வேற வச்சேன்லா."

நாள் 73. பகல் 2.00
கீழே எலி அறையில் எங்கள் வழக்கம் இது. சோதனைக்கு முப்பது எலி கேட்டால் முப்பது கூண்டு, முப்பது அட்டை, முப்பது காதுத் தகடு. ஊசி போடும் நாளுக்குள் ஒன்று செத்தாலோ நோஞ்சானாக இருந்தாலோ அதை எடுத்துவிட்டு இருப்புக் கூண்டிலிருந்து நல்லதாக ஒன்றை அதே எண்ணில் வைக்க வேண்டும். எண் காலியாக இருந்தால் திட்டு விழும். பத்தொன்பது வருஷம் திட்டே வாங்காதவள் நான்.

ஊசி போட்ட பிறகு கூண்டுகளை மாணவர்கள் வாங்கிப் போய்விடுவார்கள். அதற்கப்புறம் செத்தால் மாற்றக்கூடாது, சாவைத்தான் எழுத வேண்டும், சோதனையே அதற்குத்தான் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. எனக்குக் கேட்கவும் தோன்றியதில்லை. என் வேலை ஊசியோடு முடிந்துவிடும்.

இங்கே அந்த மாணவர்கள் இல்லை. நான் மாற்றிக்கொண்டே இருந்தேன். செத்ததன் காதிலிருந்து தகட்டைக் கழற்றிப் புதிதின் காதில் மாட்டினேன். உடலை எரிபெட்டியில் போட்டேன். கூண்டைத் துடைத்தேன். எடை எழுதினேன். இருப்பு எலி கொழுகொழு என்று இருக்கும், எடை ஏறாமல் என்ன செய்யும்?

சுத்தமான வேலை.

நாள் 74. காலை 7.00
எத்தனை எலி, எந்த நாள் என்று டாக்டர் மங்கையர்க்கரசி கேட்டார்கள். செல்வின் சொன்ன டாக்டரம்மா இவர்கள்தான், மாடலைக் கட்டியவர்கள். எழுதி வைத்தாயா என்றார்கள். இல்லை. ஆனால் எனக்குத் தெரியும். எண் மறக்கும், முகம் மறக்காது. எல்லாவற்றுக்கும் பெயர் வைத்திருந்தேன். ‘தாசில்தார்’ போனது பூண்டு ஊறுகாய் தீர்ந்த அன்று. ‘புதுப்பெண்’ போனது நான் தலைக்குக் குளித்த அன்று. ‘வட்டச்செயலாளர்’ ஏழாம் நாள் பின்னங்காலை இழுத்துக்கொண்டு சுவரைப் பார்த்து ஒடுங்கினான், ஒன்பதாம் நாள் பொத்தென்று போனான். எல்லாமே அப்படித்தான் போயின. ஏழில் கால், ஒன்பதில் உயிர்.

ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்தபோது முப்பத்தொன்று. தொண்ணூற்றாறில் முப்பத்தொன்று.

தூங்கும்போது ஒன்றுகூடச் சாகவில்லை. எழுப்பியதுதான் கொல்கிறது.

கப்பல் செவ்வாய் சேர்ந்து அந்த அறுபத்துநாலு பேரை எழுப்பும் நாள் 108.

டாக்டரம்மா நல்லவர்கள். கத்தவில்லை. மிச்சமிருக்கும் பன்னிரண்டையும் இன்றே எழுப்பு, எதையும் தொடாதே, பார்ப்போம் என்றார்கள். எழுப்பிவிட்டேன்.

நாள் 83. காலை 6.00
எழுப்பி ஒன்பதாம் நாள். பன்னிரண்டில் நாலு செத்துவிட்டன. மாற்றவில்லை. காலிக் கூண்டைப் படம் எடுத்து அனுப்பினேன். உடலையும் எடுத்து வைத்திருக்கிறேன்.

பத்தொன்பது வருஷத்தில் கூண்டைக் காலியாக விட்டது இதுதான் முதல் தடவை. கை நான்கு முறை இருப்புக் கூண்டுப் பக்கம் தானாகப் போனது.

நாள் 84. காலை 11.15
டாக்டரம்மாவின் பதில்.

"பேச்சித்தாய், நான் உங்களை நம்புகிறேன். கப்பலை நடத்தும் குழு நம்பவில்லை. அந்த முப்பத்தொன்றுக்கு உடல் இல்லை, குறிப்பு இல்லை, ஊறுகாய் தீர்ந்த நாள்தான் இருக்கிறது. இந்தப் பன்னிரண்டும் மற்றவற்றைவிட நெடுநாள் தூங்கியவை. காற்று மானி பழுது. நீங்கள் எழுபது நாளாகத் தனியாக இருக்கிறீர்கள். எல்லாவற்றுக்கும் மேலே, எலி வேறு மனிதர் வேறு என்கிறார்கள். செவ்வாய்த் தளத்தில் பத்தொன்பது பேர் இருக்கிறார்கள். அவர்களுடைய மின்சாரப் பெட்டி சாகப்போகிறது, புதுப் பெட்டி இந்தக் கப்பலில்தான் இருக்கிறது. கப்பலை இறக்க ஆட்கள் விழித்திருக்க வேண்டும். எழுப்பாவிட்டால் அந்தப் பத்தொன்பது பேர் குளிரில் போய்விடுவார்கள். மனிதருக்கு ஆபத்து என்று ஒரே ஓர் ஆதாரம் கொடுங்கள், நான் குழுவின் காலில் விழுகிறேன்."

எழுப்பாமல் விட்டால் கப்பல் செவ்வாயைச் சுற்றிக்கொண்டே மூன்று வருஷம் தாங்குமாம். மருந்தைச் சரிசெய்ய மூன்று வருஷம் போதாதா? பத்தொன்பது பேருக்கு வேறு வழி கண்டுபிடிக்க மாட்டார்களா? படித்தவர்கள்தானே.

ஒரே ஓர் ஆதாரம்.

நாள் 85. காலை 9.50
இந்தக் கூடத்தில் ஆபத்துக்கென்று ஒரு தூக்கப் படுக்கை உண்டு. கலம் வராமல் மாட்டிக்கொண்டால் தூங்கிக் காத்திருக்க. அதே மருந்து, மனிதர் யாரும் அதைப் போட்டு இதுவரை எழுந்ததில்லை. ஒரே ஓர் ஊசிக்குத்தான் இருக்கிறது.

பத்து நாள் தூங்கி 96இல் எழுந்தால் ஒன்பதாம் நாள் 105. எழுப்பும் நாளுக்கு முன்னால் மூன்று நாள் மிச்சம். எனக்கும் கணக்கு வரும், விரல் விட்டால்.

"அக்கா, நீங்க செரியில்ல. நான் அந்தப் பட்டனைத் தொடமாட்டேன் பாத்துக்கோங்க."

"நீ தொடாண்டாம்லே. நானே தொடுதேன். பத்து நா கழிச்சி எழுப்ப மட்டும் ஒரு விரலு வேணும். தலையிலதான் ஒண்ணுமில்ல, கையிலயாவது விரலு இருக்கா?"

"வெளையாடாதீங்க. மூணுல ஒண்ணு போகும்னு சொன்னதே நீங்கதான்."

"எந்தங்கச்சி அங்க கெடக்கா செல்வின்."

"எனக்கும் ரெண்டு பிள்ளைய இருக்கு அக்கா. கொலகாரனா வீட்டுக்குப் போகச் சொல்லுதியளா?"

"நா தூங்கிருவேன். நீ எழுப்பலன்னா தூங்கிட்டே இருப்பேன். அது ஒம்பாடு."

அவன் அழுதான். நான் ஒரு எலிப் பாட்டு பாடினேன். என் குரலுக்கு அழுகையே தேவலை என்று நிறுத்திவிட்டான்.

நாள் 86. காலை 8.00
இருப்பு எலிகளுக்குப் பன்னிரண்டு நாளைக்குத் தீனியும் தண்ணீரும் குழாயில் வைத்தாயிற்று. எனக்கும் ஒரு அட்டை எழுதினேன்.

எண்: 97. இனம்: மனுஷி. பால்: பெட்டை. எடை: கேட்கக்கூடாது. 71. குட்டி போட்டதில்லை. குணம்: கடிக்காது.

டாக்டரம்மா வேண்டாம் என்று இரண்டு முறை செய்தி அனுப்பினார்கள். மூன்றாவது வருவதற்குள் படுத்துவிடுகிறேன்.

நாள் 96. பகல் 1.20
எழுந்தேன். செல்வின் எழுப்பிவிட்டான். நாக்கு பழைய செருப்பு மாதிரி இருக்கிறது. எடை 67. நாலு கிலோ குறைவு. இது தெரிந்திருந்தால் கல்யாணத்துக்கு முன்னாலேயே தூங்கியிருப்பேன்.

மார்பில் நாடிப் பட்டை கட்டியிருக்கிறேன். துடிப்பு நேராகத் தரைக்குப் போகிறது.

நாள் 99. காலை 7.00
எழுந்து மூன்றாம் நாள். கால் சரி. கை சரி. பசி சரி. ‘வட்டச்செயலாளர்’ மூன்றாம் நாள் நன்றாகத்தான் இருந்தான்.

நாள் 103. காலை 6.30
ஏழாம் நாள். எழுந்ததும் காலைப் பார்த்தேன். இரண்டும் அசைகின்றன. சுவரில் உதைத்து அறையை நாலு முறை குறுக்கே கடந்தேன். இழுக்கவில்லை. சுவரைப் பார்க்க வேண்டும் என்ற ஆசையும் வரவில்லை. இரண்டு பங்கு தின்றேன்.

நாள் 103. பகல் 12.10
டாக்டரம்மா பேசினார்கள். குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

"பேச்சித்தாய், உங்கள் நாடி அழகாக இருக்கிறது. ஏழாம் நாள் வாட்டம் இல்லவே இல்லை. குழு முழுவதும் உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஒன்பதாம் நாளும் இப்படியே தாண்டிவிட்டால் மனிதருக்கு ஆபத்தில்லை என்பதற்கு நீங்களே ஆதாரம். நூற்றெட்டு அன்று நிம்மதியாக எழுப்பலாம். உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது?"

மூன்றில் இரண்டு பிழைக்கும். அதை நான்தான் சொன்னேன். முப்பத்தொன்றை எண்ணி எண்ணிச் சொன்னவள், பிழைத்த அறுபத்தைந்தை எண்ணவே இல்லை. படுக்கும்போது செத்துத்தான் எழுவேன் என்று நானே முடிவு பண்ணிவிட்டேன். பிழைத்தால் என்ன ஆகும் என்று ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

நான் பிழைத்தால் மாடல் ஜெயிக்கும். அறுபத்துநாலு பேரும் எழுவார்கள். இருபது பேர் ஒன்பதாம் நாள் பொத்தென்று விழுவார்கள். அதில் இசக்கி உண்டா இல்லையா என்று மாடலுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

டாக்டரம்மாவிடம் சொன்னேன், ஒருத்தி பிழைத்தால் அது ஆதாரம் இல்லை அம்மா, ‘தாசில்தார்’ செத்த அணியிலேயே இருபத்திரண்டு பிழைத்தன என்று. அவர்களுக்கும் தெரியும். "குழுவுக்கு அது போதும்" என்றார்கள். குரல் இறங்கிவிட்டது.

நாள் 104. பகல் 3.00
உடம்பு கல் மாதிரி இருக்கிறது. இந்த உடம்பின் மேல் எனக்கு இத்தனை வெறுப்பு எப்போதும் வந்ததில்லை.

முடிவு பண்ணிவிட்டேன். மறைக்காமல் எழுதுகிறேன்.

முன்னே செத்ததை உயிர் என்று எழுதினேன், தெரியாமல். இப்போது உயிரைச் செத்தது என்று எழுதப்போகிறேன், தெரிந்தே.

செத்தவளைக் கூட்டிப்போகக் கலம் வராது. என் பங்குச் சாப்பாடு 125 வரை. எலித் தீனியும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் ஓட்டலாம்.

நாள் 104. மாலை 4.40
"செல்வின், காலு மரத்துப்போச்சுலே. வலது காலு."

"எப்ப அக்கா? எப்பலேருந்து?"

"ஏழாம் நாளே கொஞ்சம். நா சொல்லல."

"ஏன் சொல்லல? டாக்டரம்மாவக் கூப்பிடுதேன், இருங்க, இருங்க…"

"கூப்பிடு. ஆனா நீ அழாத. சொட்டத்தல அழுதா தேங்காய்க்கு வேர்த்த மாதிரி இருக்கும்."

அவன் சிரிக்கவில்லை. நாக்குக் குழறுவதுபோல் பேசினேன். ஊரில் எல்லாரையும் போல் பேசிக் காட்டிச் சிரிக்க வைத்தவள் நான். இதற்குப் பயன்படும் என்று யார் கண்டது.

நாள் 105. காலை 6.05
உமி மூட்டை ஒன்றைப் படுக்கைப் பையில் திணித்துத் தலை வரை மூடிக் கட்டினேன். தினம் ஒரு படம் தரைக்குப் போகும், அதில் இது தெரிந்தால் போதும். மூட்டை என்னைவிட ஒல்லி. நாடிப் பட்டையைக் கழற்றி மூட்டைக்குக் கட்டினேன். கோடு படுத்துவிட்டது.

எலி அறைக்குள் வந்து கதவை அடைத்தேன். இங்கே கேமரா இல்லை. காற்று மானி பழுது, நான் மூச்சு விடுவது யாருக்கும் தெரியாது. ஒலிபெருக்கியும் பேசும் பெட்டியும் இங்கே ஒன்று இருக்கிறது. கேட்கலாம். பேசக்கூடாது.

6.11. "அக்கா?"

6.11. "அக்கா, பட்டை கழண்டிருச்சா? பாருங்க."

6.14. "அக்கா, ஏதாவது பேசுங்க. திட்டுங்க. எக்கா."

6.40 வரை எழுதவில்லை. கையை வாயில் வைத்திருந்தேன்.

நாள் 108. காலை 9.00
செல்வின் தினமும் பேசுகிறான். பதில் வராது என்று தெரிந்தே.

"அக்கா, எழுப்பல. உத்தரவை நிறுத்திட்டாங்க. டாக்டரம்மா மேசையில அடிச்சிப் பேசினாங்க. கப்பல் சுத்திக்கிட்டே இருக்கும். ஒங்க தங்கச்சி தூங்குதாங்க. நீங்க நெனச்சது நடந்துட்டு."

எலிகளுக்கெல்லாம் ஒரு கைப்பிடி தீனி அதிகமாகப் போட்டேன்.

நாள் 112. காலை 8.00
கலம் கிளம்பவில்லை.

நாள் 119. காலை 10.20
செல்வின் தன் சின்ன மகள் பள்ளிக்கூடத்தில் இன்னொரு பிள்ளையைக் கடித்துவிட்டாள் என்று சொன்னான். "ஒங்க எலி கூடக் கடிக்காதுல்லா அக்கா" என்றான். விரல் பட்டன் மேல் போய்விட்டது. எடுத்துவிட்டேன். நான் உயிரோடு இருப்பது தெரிந்த நிமிஷமே எழுப்பும் உத்தரவு மறுபடி வரும். மருந்து சரியாகும் வரை நான் செத்தவள்தான்.

எடை 61. எலித் தீனி ஊறினால் தின்னலாம். உப்பு இல்லை.

நாள் 132. காலை 8.41
பதிவு செய்த செய்தி ஒன்று வந்தது. முழுவதும் எழுதுகிறேன்.

"அக்கா, நான் இன்னைக்கு ஊருக்குப் போறேன். இதைப் பேசிப் பதிஞ்சு வச்சிட்டுப் போறேன், ஒங்ககிட்டச் சொல்லாமப் போக மனசு வரல. ஒங்க கூடத்துலருந்து வர்ற பேச்சுத் தடத்தை நேத்தோட மூடிட்டாங்க, இனி இங்க கேக்க ஆள் கெடையாது. மாடலைத் திருத்தியாச்சு அக்கா. ஒங்க முப்பத்தொண்ணையும் சேத்தாச்சு. ஒங்களையும் சேத்தாச்சு. மனுசக் கணக்குன்னு அதுக்குக் கெடச்சது நீங்க ஒருத்தர்தான். ஒண்ணுக்கு ஒண்ணு சாவு. அதனால கணினிக் கப்பல்ல இப்ப எழுப்புனா அறுபத்துநாலு பேரும் போறாங்க. லட்சம் தடவையும். மருந்தை மாத்தினாலும் அதேதான் காட்டுது. தளத்துல அந்தப் பத்தொன்பது பேரு கைகாலு வெறைச்சுக் கெடக்காங்க. மின்சாரப் பெட்டியக் கப்பல்லருந்து கழட்டித் தானா எறங்க வைக்கலாமாம். ஆனா தூங்குறவங்களுக்கும் அந்தப் பெட்டிலருந்துதான் கரண்டு. எழும்பவே முடியாதவங்களுக்காக எழும்பி நடக்குறவங்களக் கொல்ல முடியாதுன்னு குழு முடிவு பண்ணிட்டு. டாக்டரம்மா கையெழுத்துப் போடல. வேலைய விட்டுட்டுப் போய்ட்டாங்க. காலைல பத்து மணிக்கு உத்தரவு போகும். மன்னிச்சிருங்க அக்கா. ஒங்க தங்கச்சிக்கு வலிக்காதுன்னு சொல்றாங்க."

8.49
பேசும் பெட்டியைத் திறந்தேன். இருபத்தேழு நாளில் முதல் தடவை. தண்ணீர் குடித்தேன்.

"ஏலே செல்வின். நா உயிரோட இருக்கேன். பேச்சி. நா சாவல. நா பொய் சொன்னேன்."

8.52
"தர, தர, நிலாக் கூடம் பேசுதேன். யாரு இருக்கிய? யாராவது."

8.58
முன் அறைக்குப் போய் மூட்டையிலிருந்து பட்டையைப் பிடுங்கி மார்பில் கட்டினேன். பச்சை விளக்கு எரியவில்லை. தடத்தை மூடியபோது அதையும் மூடியிருக்கிறார்கள்.

9.05
இருக்கும் எல்லா அலைவரிசையிலும் பேசிவிட்டேன். எது எதற்கு என்று எனக்குத் தெரியாது. எல்லாப் பொத்தானையும் அமுக்கினேன். ஒன்றில் யாரோ சீன மொழியில் வானிலை சொல்கிறார்கள். அவர்களிடமும் சொன்னேன். இசக்கி, இசக்கி என்று சொன்னேன். அவர்களுக்கு என்ன தெரியும்.

உண்மையைச் சொல்லியிருந்தால் இருபது பேர். நாற்பத்துநாலு பேர் இப்போது கப்பலை இறக்கிக் காப்பி குடித்துக்கொண்டிருப்பார்கள்.

9.16
இன்னும் நாலு நிமிஷத்தில் நிலாவின் முதுகுப் பக்கம் போய்விடுவேன். அங்கிருந்து ஒன்றும் கேட்காது. திரும்பி வர 10.05 ஆகும்.

கணக்கை ஒழுங்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், பெட்டியில். யார் கேட்டாலும் எழுதிக்கொள்ளுங்கள். எலி, முதல் தொண்ணூற்றாறில் சாவு முப்பத்தொன்று. பிறகு பன்னிரண்டில் சாவு நாலு. மனுஷி ஒன்று. எண் 97. பத்து நாள் தூங்கினாள். எழுந்து முப்பத்தாறு நாள் ஆகிறது. சாவு இல்லை. கால் இழுக்கவில்லை. எடை 58, அது பட்டினி, மருந்து இல்லை. எழுப்பலாம். எல்லாரும் சாக மாட்டார்கள். எழுப்புங்கள்

10.06
பூமி தெரிகிறது. உத்தரவு போய்விட்டது.

செவ்வாய்க்கு வெளிச்சம் போய்ச்சேரப் பதினான்கு நிமிஷம் ஆகும் என்று செல்வின் ஒரு தடவை சொன்னான். அப்படியென்றால் அந்த உத்தரவு இன்னும் வழியில்தான் இருக்கிறது. எட்டு நிமிஷம் இருக்கிறது. பின்னாலேயே இன்னொரு உத்தரவு அனுப்பினால், நிறுத்து என்று, ஆறு நிமிஷம் பிந்தித்தான் போகும், அதற்குள் பெட்டி முழுசாகக் கழன்றிருக்காது, யாராவது, குளிர்வதற்கு நேரம் எடுக்குமே, உடனே சாக மாட்டார்கள், கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறேன், ஒரு கையால் எழுதுகிறேன் ஒரு கையால் அமுக்குகிறேன்

10.13
செல்வின்

10.14